வேலை தேடும் வேளை



“முதலில் படிப்பு முடியட்டும், வேலையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.” நம் வீடுகளில் இச்சொல்லைக் கேளாமல் வளர்ந்த பெண் இருக்க முடியாது. நானும் கேட்டேன், நம்பவும் செய்தேன். 1991இல் இப்பள்ளியில் பிளஸ் டூ முடித்து, 1994இல் பி.காம். பட்டம் பெற்று, அடுத்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, தபால்காரர் வரும் நேரம் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். பதினொரு மாதம் உட்கார்ந்தேன். திருமண அழைப்பிதழ்கள் வந்தன; பொங்கல் வாழ்த்துகள் வந்தன; நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு மட்டும் வரவில்லை.

இன்று நான் கோவையில் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பம் எழுதியவள் இப்பொழுது விண்ணப்பங்களைப் படிக்கிறேன். ஆகவே, மேசையின் இரு புறமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையோடு, கல்லூரியில் படிக்கும்போதே வேலையையும் வேலைப் பயிற்சியையும் எப்படித் தேடத் தொடங்குவது என்று சொல்ல விரும்புகிறேன். பிளஸ் டூ மாணவியர் “இது நமக்கு இன்னும் மூன்றாண்டு கழித்து” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் அலுவலகத்திற்கு வரும் விண்ணப்பங்களைப் பார்த்தால் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் போலிருக்கும். “கடின உழைப்பும் நேர்மையும் உடையவள்” என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கலாம், ஆனால் அதை வைத்து நாங்கள் என்ன முடிவு செய்வது? ஒருமுறை ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: இரண்டு கோடை விடுமுறையில் சித்தப்பாவின் உரக்கடையில் கணக்கு எழுதினேன்; சரக்கு வந்த பில்லும் இருப்பும் ஒத்துவராத இடத்தை மூன்று முறை கண்டுபிடித்தேன். மதிப்பெண் நடுத்தரம்தான். முதலில் அவளைத்தான் அழைத்தோம். உரக்கடை பெரிய நிறுவனமல்ல. ஆனால் அவள் ஒரு வேலையைச் செய்திருக்கிறாள். செய்ததை அவளால் சொல்ல முடிகிறது.

இன்டர்ன்ஷிப் என்று இக்காலத்தில் சொல்வது இதைத்தான். படிக்கும்போதே சில வாரங்களோ மாதங்களோ ஓரிடத்தில் வேலை கற்றுக்கொள்வது. பெயர் புதிது, பொருள் பழையது. ஆடிட்டர் அலுவலகம், மருத்துவமனையின் ஆவணப் பிரிவு, அச்சகம், விதைப் பரிசோதனைக் கூடம், ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஆகிய எல்லாமே பயிற்சிக்கூடம்தான். சென்னையிலோ பெங்களூரிலோ கண்ணாடி மாளிகையில் கிடைத்தால்தான் இன்டர்ன்ஷிப் என்று எண்ணிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருப்பதை விட்டுவிடுகிறோம்.

சரி, எப்படிக் கிடைக்கும்? இங்கேதான் நம் பெண்களுக்கு ஒரு தடை இருக்கிறது. கேட்கக் கூசுகிறோம். பிறரிடம் போய் நிற்பது இழுக்கு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். என் பதினொரு மாதத் திண்ணை வாசத்துக்குக் காரணமும் அதுவே. நான் வேலை தேடுகிறேன் என்பது என் வீட்டாரையும் தபால்காரரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது! கடைசியில் வேலை கிடைத்த விதம் இது: பேருந்தில் என் வகுப்புத் தோழியின் அக்காவைப் பார்த்தேன். அதற்கு முன் அவரோடு நான்கைந்து முறை பேசியிருப்பேன். “என்ன செய்கிறாய்?” என்று கேட்டார். சொன்னேன். “எங்கள் ஆலையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் பார்க்கிறார்கள், திங்கட்கிழமை வா” என்றார். அவ்வளவுதான்.

இது என் அதிர்ஷ்டம் என்றே பல காலம் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் இது ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை என்று தெரிந்தது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் அண்மையில் வேலை மாறியவர்களைச் சந்தித்து, “உங்களுக்கு இவ்வேலையைப் பற்றிச் சொன்னவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?” என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி பார்ப்பவர் என்றனர். எப்போதாவது பார்ப்பவர் என்றோர் 55.6 விழுக்காடு, அரிதாகப் பார்ப்பவர் என்றோர் 27.8 விழுக்காடு. 1973இல் இதை வெளியிட்டார். காரணம் எளிது. நெருங்கிய தோழிக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். ஒரே வகுப்பு, ஒரே தெரு, ஒரே செய்தி. சற்றுத் தள்ளி நிற்பவரோ வேறோர் உலகில் நடமாடுகிறார். அங்குள்ள செய்தி அவர் வழியாகத்தான் நமக்கு வரும். 2022இல் லிங்க்டுஇன் என்னும் இணையத் தளத்தின் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே கண்டது. ஆனால் ஒரு திருத்தம் சொன்னது. முன்பின் அறியாதவரைவிட, ஓரளவு பழக்கமுள்ளவரே மிகுதியும் உதவுகிறார்.

ஓரளவு பழக்கமுள்ளவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இரண்டு வார்த்தை பேசும் அக்கா. டியூஷன் எடுத்த ஆசிரியையின் கணவர். அப்பாவோடு முன்பு வேலை பார்த்தவர். எல்லாருக்கும் மேலாக, இப்பள்ளியில் உங்களுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு முன்னே படித்துச் சென்ற பழைய மாணவியர். ஒரு நோட்டில் இருபது பெயர் எழுத முடியாத பெண் உங்களுள் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

இவர்களிடம் போய் “எனக்கு வேலை வாங்கித் தாருங்கள்” என்று கேட்காதீர்கள். அது அவரைச் சங்கடத்தில் நிறுத்தும். இல்லை என்று சொல்வதோடு பேச்சு முடியும். “அக்கா, நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? நான் இப்போது என்ன கற்றுக்கொண்டால் நல்லது? இருபது நிமிடம் பேசலாமா?” என்று கேளுங்கள். தன் அனுபவத்தைச் சொல்ல விரும்பாதவர் குறைவு. பேச்சு முடியும் தறுவாயில் “வேறு யாரிடம் பேசினால் நல்லது?” என்று ஒரு பெயர் வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நன்றி சொல்லி நான்கு வரி எழுதுங்கள். இதைச் செய்பவர் மிகச் சிலரே. ஆதலால் நினைவில் நிற்பார்கள்.

பயிற்சி கேட்டு எழுதும் கடிதமும் சுருக்கமாகவே இருக்கட்டும். நான் யார், எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு. எனக்கு என்ன செய்ய வரும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். உங்களிடம் எதைக் கற்க விரும்புகிறேன். இவ்வளவு போதும். “எந்த வேலையும் செய்வேன்” என்று எழுதாதீர்கள். படிப்பவருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் போகும். பத்துப் பேருக்கு எழுதினால் இருவர் பதில் போடலாம். அதில் வருந்த ஒன்றுமில்லை. மீதி எட்டுப் பேருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, வேலைதான் அதிகம்.

கல்லூரி முதலாண்டில், கையில் ஒரு தொழில் இருக்கும்படி ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கணினியில் கணக்கு அட்டவணை போடுவது, டேலி, பிழையற்ற ஆங்கிலக் கடிதம் எதுவாயினும் சரி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு அரசுத் தேர்வை, ஒன்றிலாவது முதுநிலையில், முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கு வழியுண்டு. அத்தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆதலால் பதினெட்டு வயது நிறைந்தவர் கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதலாம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு மாதமாவது எங்கேனும் பயிற்சி. இறுதியாண்டில்தான் வளாக நேர்காணல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் நடத்துகிறார்கள். நான் செய்த தவறு பதிவு செய்தது அல்ல, அதோடு நின்றது.

பட்டம் பெற்றவுடன் வேலை கிடைக்காதோர்க்கு ஒரு நல்ல வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், ஓராண்டு ஊதியத்தோடு பயிற்சி பெறலாம். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2014ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம். 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்குக் குறைந்த அளவு உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. தொகை அவ்வப்போது திருத்தப்படும். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை இவ்வாறு பி.காம்., பி.எஸ்ஸி. முடித்தோரை எடுத்திருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது; பதிவு இணையத்தில். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உறுதி இல்லை. சான்றிதழும் ஓராண்டு அனுபவமும் கையில் இருக்கும்.

இனிச் சொல்லப்போவதை என் வீட்டாருக்கே நான் வெகு காலம் கழித்துத்தான் சொன்னேன். அந்தப் பதினொரு மாதத்தின் நடுவே, செய்தித்தாளில் ஒரு வரி விளம்பரம் பார்த்து ஒரு மாடி அறைக்குப் போனேன். கணினியில் விவரம் பதியும் வேலை. மாதம் இரண்டாயிரம் சம்பளம். முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. அடுத்த வாரம் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. என்னைப்போல் ஏழெட்டுப் பெண்கள் படியில் நின்றிருந்தார்கள். அம்மாவிடம் “பணம் பிறகு திரும்பி வரும்” என்றேன். வெட்கத்தால் போலீசுக்கும் போகவில்லை.

இப்போது அந்த மாடி அறை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வேலை உத்தரவு வரும். பெரிய நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் இருக்கும். லேப்டாப்புக்கு, பயிற்சிக்கு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்று பணம் கேட்பார்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் வாங்கமாட்டார். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. முக்கியமாக, வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் அப்படி வந்து சொன்னால் முதல் வார்த்தை திட்டாக இராமல் பார்த்துக் கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்துதான் நான் வாய் மூடியிருந்தேன்.

பெற்றோருக்கு இன்னொன்று. வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்குவது இயல்பே. ஒருமுறை உடன் சென்று இடத்தைப் பாருங்கள். ஆனால் நேர்காணல் அறைக்குள் வராதீர்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் பற்றி விசாரிக்க உள் புகார்க்குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். பயிற்சிக்கு வருபவளுக்கும் இப்பாதுகாப்பு உண்டு. “குழு இருக்கிறதா?” என்று மகளே கேட்கட்டும். நல்ல நிறுவனம் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. தங்குவதற்கு அருட்சகோதரிகள் நடத்தும் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன; தாம்பரம், திருச்சி, வேலூர் முதலிய ஊர்களில் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளும் உண்டு.

நம் பள்ளிச் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அலுவலகத்தில் பழைய மாணவியர் பதிவேடு இருக்கிறது. அதில் யார் என்ன வேலையில் இருக்கிறார் என்று ஒரு பத்தி சேர்த்து, கேட்டு வரும் மாணவிக்கு, அந்தப் பழைய மாணவியின் சம்மதத்தோடு, காட்டினால் நன்றாயிருக்கும். 1991ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ள என் முழுச் சம்மதம். ஆலைக் கணக்கு, பணியாளர் பிரிவு, ஆடிட்டர் அலுவலகம் ஆகியவை பற்றிக் கேட்க விரும்புவோர் எழுதலாம். மார்ச் மாதம் மட்டும் கணக்கு முடிக்கும் வேலை; பதில் தாமதமாகும்.