நுரைக்கு ஒரு மத்து

மெக்சிகோவில் சாக்லேட் பானத்தில் மிளகாய் போடுவார்களாமே, நிஜம்தானா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நிஜம்தான். அங்கே அக்காலத்தில் வாழ்ந்த அஸ்டெக் மக்கள், சாக்லேட்டின் மூலமான ககாவோ விதையை வறுத்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, மிளகாயும் வனிலாவும் சேர்த்துக் குடித்தார்கள். பால், சர்க்கரை, பட்டை மூன்றும் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்த பிறகு சேர்ந்தவை.

எனக்கு மிளகாயைவிட நுரைதான் அதிசயம். ககாவோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. சும்மா கரைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும். விடாமல் அடித்தால் அது நுண்துளிகளாகப் பிரிந்து கலந்துவிடும். கூடவே காற்றும் புகுந்து நுரை கட்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய மாயா நாகரிகக் குவளை ஒன்று இருக்கிறது. அதில் வரைந்திருக்கும் ஒரு பெண் நின்றுகொண்டு, நுரை வருவதற்காகச் சாக்லேட் பானத்தை உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்துக்கு ஊற்றுகிறாள். என் மாமா காபி ஆற்றுகிற அதே கைவீச்சு!

பின்னாளில் வந்தது ‘மொலினீயோ’ என்ற மர மத்து. நீண்ட காம்பு, அடியில் வரிவரியாகச் செதுக்கிய குமிழ். காம்பைச் சுற்றிச் சில வளையங்கள் கழன்றாடும். ஆனால் உருவி எடுக்க முடியாது. அவை பிறகு மாட்டியவை அல்ல. காம்பு, குமிழ், வளையம் எல்லாமே ஒரே கட்டையில் கடைந்தெடுத்தவை. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் வளையங்கள் குலுங்கிப் பானத்தைக் கலக்கும்.

நம் வீடுகளிலோ சாக்லேட் பானத்துக்கு டப்பாப் பொடி. லேபிளைப் படியுங்கள், பலவற்றில் முதலில் இருப்பது சர்க்கரை. பட்டையிலும் அலட்சியம்தான். மெக்சிகோக்காரர்கள் இலங்கைப் பட்டையைக் கடல் கடந்து வாங்குகிறார்கள். நாமோ பக்கத்திலிருக்கும் அதை விட்டுவிட்டு, காசியா என்ற தடித்த பட்டையைப் போடுகிறோம். இலங்கைப் பட்டை பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலிலேயே நொறுங்கும். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் மிக அதிகம். தினமும் நிறையச் சேர்த்தால் கல்லீரலுக்கு ஆகாது.

இருவருக்கு 400 மி.லி. பால் போதும். விரல் நீளப் பட்டை, விதை நீக்கிய காய்ந்த மிளகாய் ஒன்று போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே ஆடை நீக்காத பால் நல்லது. வடிகட்டி, 60 கிராம் கறுப்பு சாக்லேட்டை நறுக்கிப் போட்டு, சிட்டிகை உப்பிடுங்கள். மொலினீயோ இல்லாவிட்டால் என்ன, மோர் மத்து இருக்கிறதே. ஆழமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் சாக்லேட்தான்.