வெளுத்ததெல்லாம் பாலன்று!

"கடைக்குப் போய் நாம் வழக்கமாக வாங்கும் சோப்பு ஒன்று வாங்கி வா" என்கிறார் பாட்டி. அவருக்கு எழுத்துத் தெரியாது. உறையின் நிறமும் அதிலுள்ள படமுமே அவர் அறிந்த அடையாளங்கள். அதே நிறமும் ஏறக்குறைய அதே படமும் கொண்ட வேறொரு சோப்பு வீட்டிற்கு வந்து சேர்ந்தால், ஏமாந்தவர் பாட்டி மட்டுமா? பல்லாண்டுகள் உழைத்து நற்பெயர் தேடிய உற்பத்தியாளரும் அல்லவா? இவ்விருவரையும் சட்டம் எவ்வாறு காக்கிறது என்பதைக் காண்போம்.

ஒரு நிறுவனத்தின் பொருளைப் பிறருடைய பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், படம், எழுத்து முதலியவற்றை வணிகச் சின்னம் என்கிறோம். நம் நாட்டில் 1940, 1958 ஆகிய ஆண்டுகளில் இதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1999-ஆம் ஆண்டு நிறைவேறிய புதிய சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சின்னத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். போலிச் சின்னம் இடுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், அபராதமும் உண்டு.

பதிவு செய்யாத சிறு வியாபாரி என்ன செய்வார்? அவருக்கும் வழி உண்டு. தம் சரக்கைப் பிறர் சரக்கெனக் காட்டி விற்க எவருக்கும் உரிமையில்லை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றி வரும் நெறி. தமக்கு நற்பெயர் உண்டு, மற்றவர் மக்களை மயக்குகிறார், அதனால் தமக்கு இழப்பு நேர்கிறது என்று மெய்ப்பித்தால் அவர் தடையாணை பெறலாம்.

ஆனால் இரண்டு சின்னங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதை யாருடைய கண்ணால் பார்ப்பது? இதற்கு விடை தந்தது ஒரு பிஸ்கட் வழக்கு! இன்று பார்லே-ஜி என்று நாம் அறியும் பிஸ்கட், முன்னர் பார்லே குளுக்கோ என்ற பெயரில் விற்பனையாயிற்று. அதன் உறையில் ஒரு பண்ணை வீடு, மரங்கள், பசுக்கள், கோழிகள், நடுவே வாளி ஏந்திய ஒரு பெண். 1961-ஆம் ஆண்டு, மைசூரைச் சேர்ந்த வேறொரு நிறுவனத்தின் பிஸ்கட் உறையும் அதேபோல் இருப்பது தெரிய வந்தது. அதிலும் பண்ணை வீடு, பசுக்கள், கோழிகள். ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் புல்கட்டு, கையில் அரிவாள். வேறுபாடுகள் இருப்பதால் மயக்கத்திற்கு இடமில்லை எனக் கீழ் நீதிமன்றமும் மைசூர் உயர் நீதிமன்றமும் கருதின. உச்ச நீதிமன்றமோ 1972-ஆம் ஆண்டு வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணுவது முறையன்று. இன்று ஒன்றைக் கண்டவர் மற்றொரு நாள் இன்னொன்றைக் கண்டால், முன்பு பார்த்ததுதான் இது என எண்ணி விடுவாரா என்பதே கேள்வி. பொருள் வாங்கும் சாதாரண மனிதர் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் அல்லர் என்று நீதிபதிகள் நயம்படக் கூறினர்! தடையாணை கிடைத்தது.

பிஸ்கட் மாறினால் ருசிதான் மாறும், மருந்து மாறினால்? மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு 'ஃபால்சிகோ' என்றொரு மருந்து. மலேரியாவுக்கே 'ஃபால்சிடாப்' என்று வேறொன்று. இரண்டிலும் உள்ள மூலப்பொருள்கள் வேறு வேறு. இவ்வழக்கில் 2001-ஆம் ஆண்டு, மருந்துப் பெயர்களில் மற்றப் பொருள்களைவிட மிகுந்த கண்டிப்புத் தேவை என்று உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. பல மொழிகள் வழங்கும் நம் நாட்டில் எழுத்தறியாதோர் உள்ளதையும் அது மறக்கவில்லை. அந்த நெறிகளின்படி வழக்கை விசாரிக்குமாறு கீழ் நீதிமன்றத்திற்கு அனுப்பியது.

இதனால் போட்டியே கூடாது என்று பொருளன்று. குளுக்கோஸ் பிஸ்கட் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. தம் பொருளின் தன்மையை நேர்மையாக எடுத்துரைப்பதையும், தம் சொந்தப் பெயரை நேர்மையாக வழங்குவதையும் சட்டம் தடுப்பதில்லை. பிறர் முகத்தை அணிந்து கொள்வதையே தடுக்கிறது.

ஆகவே தோழியரே, பொருள் வாங்கும்போது படத்தோடு நில்லாமல் பெயரையும், தயாரித்தவர் முகவரியையும் படித்துப் பார்ப்போம். ரசீது கேட்டு வாங்குவோம். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் படித்துச் சொல்வோம். எழுத்தறிந்த நாம் அவருக்குச் செய்யக்கூடிய சிறு தொண்டு அது. பிறர் உழைப்பைத் தமதெனக் காட்டுவது கடைவீதியில் மட்டும் குற்றமன்று. பக்கத்துத் தோழியின் விடைத்தாளைப் பார்த்து எழுதும்போதும் அது குற்றமே என்பதை நாம் மறவாதிருப்போமாக!