கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளையை சேர்க்கப் போறீங்களா? முதலில் இதையெல்லாம் பாருங்க!

சென்னை,

தெரு முனையில் கார்ப்பரேஷன் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. 1 முதல் 8 வரை வகுப்பு. மொத்தமே நூறு, நூற்றைம்பது பிள்ளைகள். பீஸ் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் இலவசம். ஆனாலும் பெற்றோருக்கு தயக்கம். "அங்கே படிப்பு வருமா சார்?" என்ற ஒரே கேள்விதான் காரணம்.

தயங்குகிறவர் வட்டிக்கு வாங்கிக்கொண்டு தனியார் பள்ளி வாசலில் போய் நிற்கிறார். தயங்காதவர் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு பேரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. பள்ளிக்கு உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

அரை நாள் லீவு போட்டால் போதும். பள்ளியின் ஜாதகம் தெரிந்துவிடும்.

தலையை எண்ணுங்க!

முதலில் இரண்டு கணக்கு. பிள்ளைகள் எத்தனை? ஆசிரியர் எத்தனை?

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்கு அளவு சொல்கிறது. 1 முதல் 5 வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்.

காகிதத்தில் இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 வகுப்புக்கு 2 ஆசிரியர் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார வேண்டும். ஒரு வகுப்புக்கு பாடம் நடக்கும்போது மற்றவர்கள் எழுதிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் "என் பிள்ளையோட வகுப்பு தனியா நடக்குதா, சேர்ந்து நடக்குதா?" என்று நேராகவே கேளுங்கள்.

தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டும் உண்டு என்று போர்டில் போட்டிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியரா, அல்லது ஒரே ஆசிரியர் ஒரே அறையில் இரண்டையும் நடத்துகிறாரா?

கணக்கு வாத்தியார் யார்?

6-ம் வகுப்புக்கு மேல் பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும். அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடத்துக்கு ஒருவர். ஆக 3 பேர். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு இதுதான்.

பாடமோ ஐந்து. சின்னப் பள்ளியில் கணக்கு ஆசிரியரே அறிவியலும் எடுப்பார். தமிழ் படித்து வந்தவர் இங்கிலீஷும் எடுப்பார். இதை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. "இங்கிலீஷ் யார் எடுக்கிறாங்க? கணக்கு வாத்தியார் இடம் காலியா இருக்கா?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பாஸ் என்பதை நம்பாதீங்க!

"எங்க பள்ளியில் எல்லாரும் பாஸ்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை பெயில் கிடையாது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8-ம் வகுப்புகளுக்கு பெயில் முறையை கொண்டு வந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. எனவே நடுநிலைப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வேறு வழி இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். அங்கே 5-ம் வகுப்பு பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். "பிள்ளை தமிழ் புத்தகத்தை தடங்கல் இல்லாம வாசிக்குதா? மூணு இலக்க கழித்தல் கணக்கு போடுதா? டியூஷன் இல்லாம வருதா?" என்று கேளுங்கள். பத்து அம்மாக்களிடம் கேட்டால் பள்ளியின் மார்க் ஷீட்டே கையில் கிடைத்தது போல.

கழிவறை வாசல்

வகுப்பறையில் வண்ணப் படம் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு திரும்பி வந்துவிடாதீர்கள். நேராக கழிவறைக்குப் போங்கள். தண்ணீர் வருகிறதா? பெண் பிள்ளைகளுக்கு தனியா இருக்கிறதா? கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? பெண் பிள்ளைகள் 6-ம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்குவதற்கு கழிவறையும் ஒரு காரணம்.

சுவரையும் பாருங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் பலியானார்கள். 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளி தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். அங்கே மாடியில் கீற்றுக் கூரை. இறங்க குறுகலான படிக்கட்டு. அதனால் மாடிப் படி எத்தனை, அகலம் எவ்வளவு, விரிசல் எங்கே என்று பார்ப்பதை யாரும் குற்றமாக நினைக்க முடியாது.

மழைக் காலத்தில் பள்ளி வாசலில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். சென்னையில் வெள்ளம் வந்தால் கார்ப்பரேஷன் பள்ளிதான் நிவாரண முகாம். தேர்தல் வந்தால் அதுவே ஓட்டுச் சாவடி.

சோறு எப்படி?

பள்ளியில் சோறு போடுவதில் சென்னை கார்ப்பரேஷனுக்கு பழைய பெருமை உண்டு. 1920-லேயே பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிறகு 1956-ல் காமராஜர் திட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு.

2022 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய காலை உணவு திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு பிள்ளைகளுக்காக வந்தது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி. மதியம் 12.30 மணிக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தட்டில் மீதம் வைக்கிறார்களா, மறுசோறு கேட்கிறார்களா? ருசியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

6-ம் வகுப்பில் மாற்றாதீங்க... யோசிங்க!

5 வரை கார்ப்பரேஷன், அப்புறம் தனியார் என்று கணக்கு போடும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

2020-ல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுக்கப்பட்டது. நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்குள் இந்த ஒதுக்கீடு. 2021-ல் என்ஜினீயரிங், சட்டம், வேளாண்மை, கால்நடை படிப்புகளுக்கும் இது வந்தது. கார்ப்பரேஷன் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான். ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 6, 7, 8-ஐ பணம் கட்டி தனியாரில் படித்துவிட்டு 9-ல் திரும்பி வந்தால் இந்தச் சலுகை போச்சு.

கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தர 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் தகுதியாக வைத்தது.

அடுத்த கேள்வி: 8 முடிந்ததும் எங்கே? நடுநிலைப் பள்ளியில் 9-ம் வகுப்பு இல்லை. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். பக்கத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி இருக்கிறதா? எந்த பஸ்? ரோட்டை கடக்க வேண்டுமா? போன வருஷம் 8 முடித்தவர்களில் எத்தனை பேர் 9-ல் சேர்ந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு டக்கென்று பதில் சொல்லும் தலைமை ஆசிரியர் பிள்ளைகளை கவனிக்கிறவர்.

பெற்றோருக்கும் நாற்காலி உண்டு

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, வெறும் கையெழுத்தோடு சரியா என்று உறுப்பினர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சேர்க்கும்போது பிள்ளைக்கு பரீட்சை வைக்கக் கூடாது. நன்கொடை கேட்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. வரவில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. மறுத்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணுக்கு போன் செய்யலாம். குப்பை, தண்ணீர், கழிவறை புகாருக்கு மாநகராட்சி எண் 1913.

இன்னொன்றும் உண்டு. ஆகஸ்டு 1-ந் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கையை நிர்ணயம் செய்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் "உபரி" என்று வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஆசிரியர் போனால் "வாத்தியார் இல்லை" என்று மேலும் நாலு பிள்ளைகள் போய்விடுவார்கள். சின்னப் பள்ளிகள் தேய்வது இப்படித்தான்.

எனவே பார்க்க வேண்டியதை மே, ஜூன் மாதத்துக்குள் பார்த்து முடிவு எடுங்கள். பள்ளி பிடித்திருந்தால் ஆகஸ்டு வரை தள்ளிப் போட வேண்டாம். அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளையும் ஒரு தலை!