கூயி வழங்கும் மலைநாடு

திராவிட மொழிகளை வகைப்படுத்திக் காட்டும் வகுப்பில் 'கூயி' என்னும் பெயரை மாணவர் குறித்துக்கொள்வர். உடனே அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவர். அம்மொழி வழங்கும் மண் எது, அம்மண்ணின் ஆட்சிமுறை யாது என்னும் வினாக்கள் எழுவதில்லை. தேர்வில் அவை கேட்கப்படாமையே காரணம் போலும்!

ஒடிசாவின் நடுப்பகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலைமீது அமைந்த கந்தமால் மாவட்டம் கூயி மிகுதியாக வழங்கும் நிலமாகும். கந்தர் என்னும் பழங்குடியினர் பெயரால் மாவட்டம் பெயர் பெற்றது. அவர்கள் கண்ணைக் 'கனு' என்பர். மரம் அவர்க்கு 'ம்ரஹ்னு'. நம் 'நாடு' அங்கே 'நாஜு' என நின்று ஊரைக் குறிக்கின்றது. உறவு விளங்க இவை போதும்.

மாவட்டத்தின் பரப்பு 8,021 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் காடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 7,33,110. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடியினர். தாரிங்பாடி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்பக்கத்து மலைகளில் தோன்றும் ருஷிகுல்யா கஞ்சம் வழியே வங்கக்கடலை அடைகின்றது. வடபால் ஓடும் சாலுங்கி முதலிய ஆறுகளின் நீர் மகாநதியிற் சேர்கின்றது. குறிஞ்சி நிலத்துப் புனத்தைப் பாடங்களில் மட்டுமே அறிந்த நமக்கு, மலைச்சரிவைத் திருத்திப் பயிரிடும் வழக்கம் அங்கே வாழ்வாக இருப்பது வியப்பூட்டும். கந்தமால் மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆட்சி வரலாறு சற்றுச் சிக்கலானது. 1855இல் போத் அரசரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற கந்தமால் பகுதி வங்காள ஆட்சியின்கீழ் வந்தது. தெற்கே பாலிகுடா, உதயகிரி மலைகளோ சென்னை மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்தில் இருந்தன. 1839ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைக் கலெக்டர் ஏஜெண்டாக நின்று ஆண்டார். ஒரே மொழி பேசியோர் இரு மாகாணத்தாராயினர். 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா மாகாணம் அமைந்தபோதுதான் இரு பகுதிகளும் ஒரே மாகாணத்துள் வந்தன. பின்னர்ப் போத் அரசும் இணைந்து ஒரு மாவட்டமாக இருந்தது; 1994இல் போத் தனியே பிரிந்தது. இன்று பூல்பாணி தலைநகர்; பூல்பாணி, பாலிகுடா என உட்கோட்டங்கள் இரண்டு; வட்டாரங்கள் 12. மாவட்டம் முழுவதும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்குட்பட்ட பகுதி.

சிக்கல் நிலத்தில் உள்ளது. மலைச்சரிவுகளில் பெரும்பகுதி அரசு நிலமாகவே பதிவாகியிருந்தமையால், தலைமுறைதோறும் உழுதவர்க்கும் பட்டா இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு வழி திறந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் 4 எக்டேர் வரை உரிமை கோரலாம். கூயியே பேசினும் பட்டியல் சாதியாராகிய பாணர் (தமிழிலக்கியப் பாணரென மயங்கற்க) அந்நாளுக்கு முன் 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததையும் மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தாவணம் அரிதான மலையூரில் மூன்று தலைமுறைக்குச் சான்று எங்கே தேடுவது? முதியோர் வாய்மொழியையும் விதிகள் ஏற்கின்றன என்பது ஓர் ஆறுதல். நிலமும் சாதித் தகுதியும் பற்றிய பிணக்குகள் 2007, 2008ஆம் ஆண்டுகளின் வன்முறைக்குப் பின்புலமாயின. அதில் பல்லாயிரவர் வீடிழந்தனர்.

உரிமை கோரும் மனு முதலில் கிராம சபைக்குச் செல்கின்றது. பேல்கர் மலையூரில் ஒருவர் கூயியில் சொல்லும் எல்லை ஒடியாவில் எழுதப்பெற்று, பாலிகுடா உட்கோட்டக் குழுவைக் கடந்து, பூல்பாணியில் கலெக்டர் தலைமையிலான குழுவின் முன் முடிவுக்கு வருகின்றது.