முதல் பைக் வாங்கப் போறீங்களா? ஓட்டிப் பார்க்கும் முன் தள்ளிப் பாருங்க!

முதல் வேலை, முதல் சம்பளம், அடுத்தது முதல் பைக். நம் வீடுகளில் பல பிள்ளைகளின் வரிசை இதுதான். எனக்கும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கனமான ஒரு பைக்கை இ.எம்.ஐ-யில் எடுத்தேன். அதுவரை நான் ஓட்டிப் பழகியது அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் மட்டும்தான்.

மூன்றாவது வாரம், அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனேன். பங்கில் தரை கொஞ்சம் சரிவு. வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றப் பார்த்தால், கால் எட்டவில்லை. வண்டி மெதுவாகச் சாய ஆரம்பித்தது. எவ்வளவு பிடித்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்போது வண்டியின் வேகம் பூஜ்ஜியம். பைக்கிலும் எந்தக் கோளாறும் இல்லை. எனக்குப் பொருந்தாத பைக்கை நான் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். ஷோரூமில் மைலேஜ் கேட்டேன், கலர் கேட்டேன், டவுன் பேமென்ட் கேட்டேன். என் கால் எட்டுகிறதா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. முதல் பைக் வாங்கப்போகும் தம்பி, தங்கைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

கால் எட்டுகிறதா?

எந்த பைக்கின் விவரப் பட்டியலிலும் 'சீட் உயரம்' என்று ஒரு வரி இருக்கும். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் அது 785 மி.மீ., ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-ல் 790, கிளாசிக் 350-ல் 805, யமஹா ஆர்15-ல் 815. பார்க்க சின்ன வித்தியாசம்தான். ஆனால், சிக்னலில் நிற்கும்போது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் என்பது பெரிய விஷயம்.

உயரத்தை மட்டும் நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் இன்னும் எட்டாமல் போகும். அதனால் ஷோரூமில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு உட்காருங்கள். தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே உட்காருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் அழுத்தமாக ஊன்ற வேண்டும். பிறகு, கூட வந்தவரைப் பின்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அப்போதும் வண்டி ஆடாமல் நின்றால், முதல் பரீட்சையில் பாஸ்.

தள்ள முடிகிறதா?

ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. அதாவது, பின்னால் ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஓடும்போது இந்த எடை அவ்வளவாகத் தெரியாது. வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏற்றும்போது, நெரிசலான பார்க்கிங்கில் பின்னால் இழுக்கும்போது, மழைச் சேற்றில் திருப்பும்போதுதான் தெரியும்.

எனவே இன்ஜினை ஆன் செய்யாமல், பைக்கின் பக்கத்தில் நின்று பத்து அடி முன்னால் தள்ளுங்கள், பத்து அடி பின்னால் இழுங்கள், ஹேண்டில்பாரை முழுவதும் ஒடித்துத் திருப்புங்கள். மூச்சு வாங்குகிறதா? அடுத்த மாடலைப் பாருங்கள். கனமான பைக்கை எப்போதுமே வாங்கக் கூடாது என்பதில்லை. ஒரு வருடம் ஓட்டிப் பழகிய பிறகு வாங்கலாம்.

எத்தனை சிசி?

காலேஜ், ஆபீஸ், கடைத்தெரு என்று ஊருக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு 100 முதல் 125 சிசி தாராளமாகப் போதும். மாதத்தில் இரண்டு, மூன்று முறை ஹைவேயில் சொந்த ஊருக்குப் போய் வருபவர்கள் 150, 160 சிசி பைக்குகளைப் பார்க்கலாம். அதற்கு மேல் போவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசியுங்கள்.

புதிதாக ஓட்டுபவர் பயந்தால் என்ன ஆகும்? கை தானாக இறுகும். வண்டி திடீரென்று முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் சாயும், அந்த இழுப்பில் கை ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும். 100 சிசி பைக்கில் இது ஒரு குலுக்கலோடு முடியலாம். பிக்கப் அதிகமுள்ள பைக்கில், சுதாரிப்பதற்குள் முன்னால் நிற்கும் வண்டியில் போய் மோதிவிடும். பழகாத கைக்கு, நாம் செய்யும் தவறைக் கொஞ்சம் மன்னிக்கும் பைக்தான் நல்லது.

பிரேக்கைக் கேளுங்கள்

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்ந்துவிடும். நாம் சுதாரித்து பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் வசதி 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அவசரத்தில் அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது இதுதான். 'சிங்கிள் சேனல்' என்றால் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும். 'டூயல் சேனல்' என்றால் இரண்டு சக்கரங்களுக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால், அலாய் வீல் கலருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

நம்மில் பலர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் போவதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். காலியான மைதானத்தில், நேர்கோட்டில், குறைந்த வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள்.

கணக்கு எவ்வளவு வரும்?

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் ஆன்ரோடு விலை. புதிய டூவீலருக்கு 5 வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்பதால், அந்தத் தொகையும் முதலிலேயே சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. 350-ஐத் தாண்டினால் 40 சதவிகிதம்.

இந்தப் பட்டியலில் ஹெல்மெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து இரண்டு. ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பைக் வாங்குவதும் புத்திசாலித்தனம்தான். கீழே போட்டாலும் மனசு அவ்வளவாக வலிக்காது! ஆனால் ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வண்டி மீது கடன் இருந்திருந்தால், அது முடிந்ததற்கான படிவம் 35-ம் வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எடுத்த லைசென்ஸை வைத்து கியர் பைக் ஓட்ட முடியாது. பிள்ளைக்கு 18 வயது ஆகாமல் பைக் சாவியைக் கொடுத்தால், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

என் கதைக்கு வருகிறேன். அடுத்த வருடம் கடனை அடைத்துவிட்டு, அந்த பைக்கை நஷ்டத்துக்குத்தான் விற்றேன். இப்போது வைத்திருப்பது 125 சிசி பைக். அது வீட்டுக்கு வந்து ஆறு மாதம் வரை அம்மா பக்கத்திலேயே வரவில்லை. எங்கே போவதாக இருந்தாலும் பஸ்தான். போன பொங்கலுக்குத் துணி எடுக்கப் போகும்போது, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஏறுவதற்கு முன் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"கால் நல்லா எட்டுதாடா?"

"எட்டுதும்மா."

இப்போதும் ஒவ்வொரு சிக்னலிலும் ஒருமுறை கேட்டுவிடுகிறார்.