கியாஸும் தஜ்ரிபாவும்: ஒரு வலிநிவாரணி பிறந்த வரலாறு

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்பேட்டைகள் பெருகியதிலிருந்து, கர்நாடக எல்லையை ஒட்டிய நம் வட்டாரத்தின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது. ஷிப்டு முறையில் இயந்திரத்தின் முன் நின்று உழைப்போருக்கு இடுப்பு வலியும் மூட்டு வலியும் நீங்காத் துணைகளாகிவிட்டன. வலி மிகும்போது அவர்களுள் பலர் முதலில் நாடுவது மருத்துவரை அன்று. தெருமுனை மருந்துக் கடையையே. உடன் பணிபுரியும் நண்பருக்குக் கேட்ட மாத்திரை தமக்கும் கேட்கும் என்பதே அவர்களது கணிப்பு.

இத்தகைய கணிப்புக்கு நம் கல்வி மரபில் கியாஸ் என்று பெயர். ஒன்றைப் பற்றி அறிந்த முடிவை, அதனை ஒத்த மற்றொன்றுக்கும் பொருத்துவதே கியாஸ். ஆனால் 'இல்லத்' எனப்படும் பொதுக் காரணம் இரண்டிலும் இருந்தாலன்றி அது செல்லாது என்பதை உஸூலுல் ஃபிக்ஹ் பயிலும் மாணவர் நன்கறிவர்.

மருத்துவத்திலும் இச்சொல் ஆளப்பட்டதுண்டு. கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், மருந்துகளின் திறனை அறியும் வழிகள் இரண்டு என்கிறார். ஒன்று கியாஸ், மற்றொன்று தஜ்ரிபா, அதாவது சோதித்தறிதல். தஜ்ரிபாவுக்கு அவர் ஏழு நிபந்தனைகளை விதிக்கிறார். சோதிக்கப்படும் நோய் பல நோய்களின் கலப்பாக இருக்கக் கூடாது. விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ நிகழ வேண்டும், ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். சோதனை மனித உடலிலேயே நடைபெற வேண்டும், பிற உயிர்களிடம் கண்டது மனிதரிடம் மாறுபடக்கூடும் என்பன அவற்றுட் சில. இந்நிபந்தனைகளின் ஆழத்தை உணர, நம் காலத்து மருந்தியலறிஞர் ஒருவரின் வாழ்வை நோக்குவது பயன்தரும்.

ஸ்டூவர்ட் ஆடம்ஸ் 1923இல் இங்கிலாந்தின் பைஃபீல்ட் என்னும் சிற்றூரில், இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 16 வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, பூட்ஸ் நிறுவனத்தின் மருந்துக் கடையொன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னர் நாட்டிங்காமில் மருந்தாளுநர் பட்டமும், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியலில் முனைவர் பட்டமும் பெற்று, மீண்டும் அதே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு வந்தார். 1953 முதல் முடக்குவாதத்திற்கு மருந்து தேடுவதே அவர் பணியாயிற்று. அந்நாளில் அந்நோய்க்கு ஆஸ்பிரினை மிகுந்த அளவில் தர வேண்டியிருந்தது. அது இரைப்பையைப் புண்ணாக்கியது. ஸ்டீராய்டு மருந்துகளோ வேறு கேடுகளை விளைத்தன.

கினிப் பன்றியின் தோலில் மயிர் நீக்கிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அங்கே சிவப்பு படரும். அச்சிவப்பை ஆஸ்பிரின் தணிப்பதைக் கண்ட ஆடம்ஸ், அதனையே அளவுகோலாகக் கொண்டார். வேதியியலறிஞர் ஜான் நிக்கல்சனும் குழுவினரும் ஆக்கித் தந்த 600க்கும் மேற்பட்ட சேர்மங்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு நோயாளிகளிடம் கொண்டு செல்லப்பட்டுத் தோல்வி கண்டன. விலங்கில் ஆஸ்பிரினை விஞ்சிய ஒன்று மனிதரிடம் பயன்தரவில்லை. வேறு சில தோலில் தடிப்பை உண்டாக்கின. ஐபுஃபெனாக் என்பது விற்பனைக்கே வந்தபின், கல்லீரலைத் தாக்குவது தெரிந்து 1968இல் பிரிட்டனில் விலக்கப்பட்டது.

ஐந்தாவதாக வந்ததே ஐபுபுரோஃபென். ஐபுஃபெனாக்குக்கும் இதற்கும் மூலக்கூற்றில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மீத்தைல் தொகுதிதான். ஒப்புமையை மட்டும் நம்பியிருந்தால் முன்னதைப் போலவே இதுவும் ஒதுக்கப்பட்டிருக்கும். தஜ்ரிபாதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. 1969இல் பிரிட்டனில் மருத்துவர் சீட்டின் பேரில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, 1983இல் சீட்டின்றியும் வாங்கத்தக்கதாயிற்று. பிற்காலத்தில் சென்னையைச் சேர்ந்த ஷாசன் நிறுவனம் புதுச்சேரியில் இதனைப் பெருமளவில் ஆக்கி உலகுக்கு அனுப்பியது. ஆடம்ஸ் 2019இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

இம்மருந்து செயற்படும் விதம் அது விற்பனைக்கு வந்த பின்னரே விளங்கியது. ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும், உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. ஆகவே நன்மையும் தீமையும் ஒரே வாயில் வழியே வருகின்றன.

ஓருடலில் கண்டதை மற்றோருடலுக்குப் பொருத்துவதன் ஆபத்தை நம் நாட்டுக் கழுகுகளும் உணர்த்தின. மனிதர்க்கும் மாட்டுக்கும் வலி தீர்த்த டைக்ளோஃபெனாக், அம்மருந்து தரப்பட்டு இறந்த மாட்டின் ஊனைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2004இல் இவ்வுண்மை வெளியாகும் முன்பே அவை பேரளவில் மடிந்திருந்தன. கால்நடைக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதற்கு 2006இல் இந்தியாவில் தடை வந்தது. தமிழகத்தில் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கே அவற்றின் முதன்மையான புகலிடம்.

பறவைக்கும் மாட்டுக்கும் இடையில் மட்டுமன்று, மனிதர்க்கு மனிதரும் இவ்வேறுபாடு உண்டு. நண்பருக்கு வலி மட்டுமே இருக்கலாம். நமக்கு வலியோடு இரைப்பைப் புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ, இரத்த அழுத்தமோ இருக்கலாம். உலைக்கருகே வியர்த்து நீர் வற்றிய உடல் வேறு. குளிரறையில் அமர்ந்திருப்பவரின் உடல் வேறு. டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலில் இவ்வகை மருந்துகள் இரத்தப்போக்கை மிகுவிக்கும். கருவுற்ற தாய்மார்க்கும் இவை ஏற்றவையல்ல. நோன்பு நாளில் நீரருந்தாத வேளை முழுவதும் உழைத்து, இஃப்தாரில் வெறும் வயிற்றில் முதலில் மாத்திரையை விழுங்குவோரும் நம்மிடையே உளர். உணவும் போதிய நீரும் கொண்ட பின்னரே அதனை உட்கொள்ள வேண்டும். வலி சில நாட்களில் தணியாவிடில், மாத்திரையைத் தொடராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆடம்ஸ் 600க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்த பின்னரே ஒன்றைக் கண்டடைந்தார். அதனை விழுங்குமுன், நம் உடலின் நிலையை அறிந்த ஒரு மருத்துவரிடம் ஒரு வினாவேனும் கேட்பது நம்மால் இயலாததன்று.