அரக்குத் தட்டும் அதன் விலையும்

இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்? நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். நூறு என்பார் ஒருவர். ஆயிரம் என்பார் மற்றொருவர். உண்மையில் இருப்பது ஒரே கோடுதான். விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக நடுவை நோக்கிச் செல்லும் ஒற்றைப் பள்ளம் அது. அந்தப் பள்ளத்தின் நெளிவுகளே பாட்டு. ஊசி அந்நெளிவுகளின் வழியே செல்லும்போது அதிர்கிறது, அதிர்வு ஒலியாகிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில், மூன்று நிமிடப் பாட்டுக்கு 234 சுற்றுகள். ஒரு மனிதரின் குரல் முழுவதும் அந்தச் சுற்றுகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இத்தட்டுகள் இன்று மீண்டும் விலைபேசப்படுகின்றன. பரணில் கிடந்த தட்டு இலட்ச ரூபாய் பெறும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. கிலோ என்ன விலை என்று கேட்கும் பழைய சாமான் வியாபாரியும் வாசலில் நிற்கிறார். இவ்விரண்டில் எது உண்மை? விலை எதைப் பொறுத்தது? விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பு ஒன்று உண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவகைத் தட்டுகள்

பழைய தட்டுகளை எல்லோரும் ஒரே பெயரால் அழைத்தாலும், அவை மூவகைப்படும். முதல் வகை, 78 சுற்றுத் தட்டு. இது வினைல் அன்று, அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கைத் தூய்மை செய்து, அதனோடு கல்தூளும் கரித்தூளும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தார்கள். உலகத்துக்கு அரக்கை மிகுதியாக அளித்தது நம் நாடே. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் பதிவாயின. இந்தியாவில் இசைத்தட்டுத் தொழிலின் தொடக்கம் அதுவே எனலாம். அரக்குத் தட்டு கனமாக இருக்கும். கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும்.

இரண்டாம் வகை, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டு. மூன்றாம் வகை, 33⅓ முறை சுழலும் பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு. இவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நெடுந்தட்டு 1948-இலும், 45 சுற்றுத் தட்டு 1949-இலும் அமெரிக்காவில் அறிமுகமாயின. எளிதில் உடையா, ஆனால் கீறல் விழும், வெயிலில் நெளியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்தும் வாழும் நமக்கு ஒரு பெருமை உண்டு. இம்மூன்று காலங்களுக்கும் எடுத்துக்காட்டு நம் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கிறது. அரக்குத் தட்டின் காலத்துக்குப் பாலக்காட்டுக் கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974). மணிக்கணக்கில் பாடிய அவர், மூன்று நான்கு நிமிடங்களில் ஒரு கீர்த்தனையைச் சுருக்கி நிறைவாகப் பாட வேண்டியிருந்தது. அதுவே அக்காலத் தட்டுகளின் தனிச்சுவை. அரக்குத் தட்டு ஓய்ந்து சிறுதட்டு வீடுதோறும் சுழன்ற காலத்துக்கு, பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விஸ்வநாதன் (1928–2015). நெடுந்தட்டின் காலத்துக்கு, இடுக்கி மலையின் அடிவாரத்தில் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. 1980-களில் 'எக்கோ' நிறுவனம் வெளியிட்ட அவருடைய நெடுந்தட்டுகளை இன்று வெளிநாட்டாரும் தேடி வாங்குகின்றனர்.

விலை எதில் இருக்கிறது?

பழமையே விலை என்று எண்ணுவது தவறு. பழமை மட்டுமே போதுமானால் தெருவிலுள்ள கல்லெல்லாம் பொன்னாகும். தட்டின் விலையை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. எத்தனை படிகள் எஞ்சியுள்ளன? கையிலுள்ள படி எந்த நிலையில் இருக்கிறது? அதைக் கேட்பவர் எத்தனை பேர்?

உலக வழக்கிலிருந்து இரண்டு சான்றுகள் காண்போம். பிங் கிராஸ்பி 1942-இல் பாடிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' கோடிக்கணக்கில் விற்றது. அதனாலேயே அதன் பழைய படிகள் இன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. டாமி ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகரின் 'ஆல்கஹால் அண்டு ஜேக் புளூஸ்' தட்டோ, வெளிவந்தபோது கவனிப்பாரின்றிப் போயிற்று. விரல்விட்டு எண்ணத்தக்க படிகளே எஞ்சியதால், 2013-இல் அதன் ஒரு படி 37,100 டாலருக்கு விலைபோயிற்று. அன்று எல்லோரும் வாங்கியது இன்று மலிவு. அன்று ஒருவரும் வாங்காதது இன்று அரிது!

நம் ஊருக்கும் இதுவே நியதி. பெருவெற்றி பெற்ற படத்தின் தட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் கல்யாண வீடுதோறும் ஓடித் தேய்ந்திருக்கும். ஆகவே அதில் விலை பெறுவது தேயாத படி மட்டுமே. ஓடாத படத்தின் தட்டு, சிறிய நிறுவனம் குறைவாக அச்சிட்ட தட்டு, நாடக வசனத் தட்டு, இளமையில் மறைந்த பாடகரின் தட்டு ஆகியவையே அரியவை. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். தாளை ஒட்டிய வெற்று வளையத்தில் சிறு எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பதிவிலிருந்து தட்டு அச்சானது என்பதை அது காட்டும். வாங்குபவர் அவ்வெண்களையே முதலில் பார்ப்பார். விற்பவரும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நெடுந்தட்டானால் படம் அச்சிட்ட மேலுறை கிழியாமல் இருப்பதும் விலையில் ஒரு பங்கு.

விலைக்கு மேற்பட்ட மதிப்பு

சந்தை விலையை விட்டு வேறொன்றைக் காண்போம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் சேர்ந்திருந்தது. நாடக மேடையை ஆண்ட அவர் 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்தார். தமிழில் பேசும்படம் தோன்றி அப்போது இரண்டே ஆண்டுகள். எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைப்பது அரக்குத் தட்டுகளால் மட்டுமே. என். சி. வசந்தகோகிலம் 1951-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் இசையையும் தட்டுகளே பெரும்பாலும் காத்துத் தந்தன. ஒரு தட்டின் கடைசிப் படி உடைந்தால், உடைவது அரக்கு மட்டுமா? ஒரு குரலே உலகைவிட்டுப் போய்விடுகிறது. அதற்கு எந்தச் சந்தை விலை வைக்கும்?

காக்கும் முறை

தட்டின் பகைவர் மூவர்: தூசு, வெப்பம், ஈரம். இடுக்கியின் மழையில் உறைத்தாளில் பூஞ்சை பிடிக்கும். அது தட்டிலும் ஏறும். பாலக்காட்டுக் கோடையில் ஓட்டுக் கூரையின் கீழ்ப் பரணில் வைத்தால் வினைல் நெளியும். தட்டுகளை அடுக்கடுக்காகப் படுக்க வைக்கலாகாது; நூல்களைப்போல் நிமிர்த்தி, நிழலில் வைக்க வேண்டும். அழுக்கேறிய தட்டை மென்மையான சோப்பு கலந்த நீரால், நடுத்தாள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்தலாம். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும்! வினைலுக்கு அத்தீங்கு குறைவு. பழைய எஃகு ஊசியை வினைல்மேல் வைத்தால் பள்ளமே பாழாகும். இரண்டின் பள்ளமும் அகலத்தில் வேறுபடுவதால், அரக்குத் தட்டுக்குப் பருமனான ஊசியும் வினைலுக்கு நுண்ணிய ஊசியும் தனித்தனியே வேண்டும்.

தட்டிலுள்ளதைக் கணிப்பொறியில் பதிவு செய்து வைப்பது இன்னும் சிறந்த காப்பு. இந்தியச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள். ஆனால் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை நீடிக்கும். பிறர்க்கு வெளியிடுமுன் இவ்விரண்டையும் கணக்கிடுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நம்மில் பலர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், பீர்மேட்டிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத் தொழிலாளர் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். காலி செய்யும் நாளில் பாத்திரம் பண்டம் வண்டியேறும்; பழைய பெட்டி பேரீச்சம்பழத்துக்குப் போகும். திருவிழாவுக்கு ரிக்கார்டு போட்ட மைக்செட் கடைகளிலோ, கேசட் வந்தபின் தட்டுகள் சாக்குமூட்டைகளில் அடைபட்டன. எல்லைத் தமிழர் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தனர் என்பதற்கு அம்மூட்டைகளே சான்று. எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில் ஒலித்தது என்பதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். வீட்டிலோ, பக்கத்து மைக்செட் கடையிலோ தட்டு இருந்தால், விற்குமுன் பாடகர் பெயர், நிறுவனப் பெயர், வரிசை எண் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். தட்டு யாருடையது, எங்கே ஒலித்தது என்பதையும் கேட்டுக் குறியுங்கள். ஐயம் எழுந்தால் கேட்க இடமுண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1990-இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் மும்பையில் இருக்கிறது. இடுக்கிக்கு அண்மையில், கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், வனத்துறைக் கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சன்னி மேத்யூ 2015-இல் திறந்த கிராமபோன் அருங்காட்சியகம் இருக்கிறது. தனி ஒருவரின் ஆர்வம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

விற்பது குற்றமன்று; தேவைப்படுவோர் நல்ல விலைக்கு விற்கட்டும். என்ன பொருள் என்றே அறியாமல் எடைக்குப் போடுவதுதான் இழப்பு. நம் மன்றத்தின் சார்பில் ஒரு குறிப்பேடு தொடங்குவோம். ஆளுக்கு ஐந்து தட்டின் விவரம் சேர்த்தாலும் ஆண்டின் இறுதியில் அது ஒரு நல்ல பட்டியலாகும்.